சர்க்கரை நோயும் படைவீரர் ஊன ஓய்வூதியமும்: கோரிக்கை முதல் தீர்ப்பாயம் வரை

பணிக்காலத்தில் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டு, அந்த நோயுடனேயே ஓய்வு பெற்று ஊர் திரும்பிய முன்னாள் படைவீரர்களில் பலருக்கு, அவர்களது ஊன ஓய்வூதியக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாக பணி ஆவணங்களைப் பராமரிக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து ஒரு சிறிய கடிதம் வந்திருக்கும். நோய் படைப்பணியால் உண்டானதும் அன்று, படைப்பணியால் தீவிரமடைந்ததும் அன்று என்பதே அக்கடிதத்தின் சாரம். கோப்புகளில் இதை என்.ஏ.என்.ஏ. என்று நான்கு எழுத்துகளில் சுருக்கி எழுதுவார்கள். அந்த நான்கு எழுத்துகளை எதிர்த்து எப்படி வாதாடுவது, எந்தக் காகிதத்தை எங்கே பெறுவது, எவ்வளவு காலத்திற்குள் எங்கே மேல்முறையீடு செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தரைப்படையைச் சார்ந்தவை. கடற்படைக்கும் விமானப்படைக்கும் அலுவலகங்களின் பெயர்கள் மாறுமே தவிர, அடிப்படை வாதம் மாறாது.

டிஸபிலிட்டி பென்ஷன் என்று எல்லோரும் சொல்லும் இந்த ஓய்வூதியத்தில் இரண்டு பகுதிகள் உண்டு: பணிக்கூறு, ஊனக்கூறு. ஒப்பந்தக் காலத்தை முடித்து வழக்கமான ஓய்வூதியம் பெற்று வருபவருக்கு அதனுடன் கூடுதலாகச் சேர்வது ஊனக்கூறு மட்டுமே. அதைப் பெற இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். நோய் படைப்பணியால் உண்டானதாகவோ தீவிரமடைந்ததாகவோ இருக்க வேண்டும். மருத்துவ வாரியம் அதை 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மதிப்பிட்டிருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் தரைப்படை ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 173ஆம் விதியும், 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 53, 81 ஆகிய விதிகளும் இதையே சொல்கின்றன. தாமாக விண்ணப்பித்து முன்கூட்டியே விலகியவருக்கு இது கிடையாது என்றொரு நம்பிக்கை இன்னும் பல ஊர்களில் உலவுகிறது. 2006 ஜனவரி 1 முதல் அவ்வாறு விலகியவர்களுக்கும் உரிமை உண்டு என்று பாதுகாப்பு அமைச்சகம் 2009 செப்டம்பரிலேயே ஆணையிட்டுவிட்டது.

தொகையை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். நூறு விழுக்காடு ஊனத்திற்குக் கடைசியாகப் பெற்ற, கணக்கில் கொள்ளத்தக்க ஊதியத்தில் 30 விழுக்காடு ஊனக்கூறாகத் தரப்படும். ஊனம் குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். அந்த ஊதியம் 50,000 ரூபாய் என்றால், நூறு விழுக்காட்டுக்கு 15,000 ரூபாயும், 20 விழுக்காட்டுக்கு 3,000 ரூபாயும் வரும். ஆனால் 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த முழுமையாக்கல் முறைப்படி, ஐம்பதுக்குக் கீழே உள்ள ஊனம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் கொள்ளப்படும். ஆகவே அந்த 3,000 ரூபாய் 7,500 ரூபாயாகிறது. அதன்மேல் அகவிலை நிவாரணமும் சேரும். தொடக்கத்தில் ஊனத்தால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே தரப்பட்ட இந்தச் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது.

நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டா என்பதை முடிவு செய்யும் விதித்தொகுப்புகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பணியிலிருந்து விலகிய தேதியே அதைத் தீர்மானிக்கிறது. 2008க்கு முன் விலகியவர்களுக்கு 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகளும், 2008 ஜனவரி 1 முதல் விலகியவர்களுக்கு 2008ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். 2023 செப்டம்பர் 21 முதல் மூன்றாவது தொகுப்பு நடைமுறையில் உள்ளது. அதில், பணியில் தொடர்ந்து வைக்கப்பட்டுப் பின்னர் ஓய்வு பெறுபவருக்கான ஊனக்கூறு 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்று வேறு பெயரும் வேறு வடிவமும் பெற்றிருக்கிறது. இந்த வேறுபாடு பெயரளவிலானது அன்று. 1982ஆம் ஆண்டு விதிகளின்படி, சேரும்போது மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நலமாகவே சேர்ந்தார் என்றும், பின்னர் ஏற்பட்ட சீர்கேடு பணியால் வந்தது என்றும் கொள்ள வேண்டும். ஐயத்தின் பலனும் கோருபவருக்கே உரியது. 2008ஆம் ஆண்டு விதிகளோ, நோய் பணிக்காலத்தில் வெளிப்பட்டது என்ற ஒன்றே போதாது என்று கூறுகின்றன. நல்லவேளையாக, சாதாரணமாகக் கோருபவர் தம் உரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை என்ற விதி அதிலும் இருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்று 15 ஆண்டுகள் கழித்து, ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்ட பின் கோரிக்கை வந்தால், நிரூபிக்கும் சுமை கோருபவர் தோளில் ஏறிவிடும். தாமதத்தின் உண்மையான விலை இதுதான். நிலுவைத் தொகை குறைவது இதற்கு அடுத்தபடியானதே.

முதலில் காகிதங்கள்

நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேல்முறையீடு எழுதத் தொடங்குவதில் பயனில்லை. அந்தக் கடிதம் ஒரு முடிவின் நகல் மட்டுமே. முடிவு எடுக்கப்பட்ட இடம், ஓய்வின்போது படைவீரரைப் பரிசோதிக்கும் விடுவிப்பு மருத்துவ வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பு. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற எண் கொண்ட அந்தப் படிவத்தின் முழு நகலும் வேண்டும். அதனுடன், சேர்க்கையின்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு, சர்க்கரை முதன்முதலில் கண்டறியப்பட்ட இராணுவ மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பு, உடல்தகுதியைக் குறிக்கும் மருத்துவ வகை குறைக்கப்பட்டபோதும் ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யப்பட்டபோதும் எழுதப்பட்ட வாரியக் குறிப்புகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே பணியாற்றினீர்கள், அது ஃபீல்டா (களப்பகுதி) பீஸா (அமைதிக்காலப் பணியிடம்) என்பதைக் காட்டும் பணியிட விவரம் ஆகியவற்றையும் பெற வேண்டும்.

இவற்றை உங்கள் ரெக்கார்ட் ஆபீஸிடம் கடிதம் எழுதிக் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான இ.எம்.இ.க்குச் செகந்திராபாத், விமானப்படையினருக்கு டெல்லியின் சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை என்று அவை பரவிக் கிடக்கின்றன. பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அதிகாரிக்குப் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டியது அவரது கடமை. "என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தும்" என்று பொதுவாகக் கேட்பதைத் தவிர்த்து, மேலே சொன்ன ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஏதேனும் ஒன்று இல்லை என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். ஆவணம் அரசிடமே இல்லை என்ற ஒப்புதல் பின்னால் உங்கள் பக்கத்துச் சான்றாக மாறும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இந்த விண்ணப்பங்களை எழுத உதவி கேட்கலாம். அலுவலகங்களின் வாசலில் நின்று, கிடைக்கும் நிலுவையில் பங்கு கேட்கும் இடைத்தரகர்களிடம் மூல ஆவணங்களைக் கொடுத்துவிடாதீர்கள்.

வாரியத்தின் காரணத்தைப் படிப்பது

நகல் வந்தவுடன் கடைசிப் பக்கங்களுக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு நோய்க்கும் எதிரே, பணியால் உண்டானதா, பணியால் தீவிரமடைந்ததா என்ற கேள்விகளும், அவற்றுக்குப் பக்கத்தில் காரணம் எழுதும் இடமும் இருக்கும். உங்கள் வழக்கு முழுவதும் அந்தக் காரணத்தின்மேல் நிற்கிறது. நாட்டுக்காகப் பட்ட துன்பங்களை உருக்கமாக மூன்று பக்கம் எழுதி அனுப்புபவர்கள் தோற்பதையும், வாரியம் எழுதிய ஒற்றை வரிக்கு ஒரு பக்கத்தில் நேராகப் பதில் சொல்பவர்கள் வெல்வதையும் இந்த வழக்குகளைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் அறிவார்கள்.

அந்த வரிக்குப் பதில் சொல்ல உதவும் முதன்மையான நூல், இராணுவ ஓய்வூதியங்களுக்கான மருத்துவ அதிகாரிகள் கையேடு. மருத்துவ வாரியமே பின்பற்ற வேண்டிய இந்த அரசுக் கையேட்டின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதன் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் 26ஆம் பத்தி நீரிழிவைப் பற்றியது. அது சொல்வதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். தொற்று, காயம், அறுவைச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியவற்றை ஒட்டி, பணியோடு நெருங்கிய காலத் தொடர்பில் தோன்றும் நீரிழிவைப் பணியால் உண்டானதாகக் கருத வேண்டும். வைரஸ் தொற்றைத் தொடர்ந்து கணையச் செல்கள் அழிவதால் வரும் முதல் வகை நீரிழிவில், அத்தொடர்பு மருத்துவக் குறிப்புகளிலிருந்து புலப்பட்டால், அதுவும் பணியால் உண்டானதே. இரண்டாம் வகையை வாழ்க்கைமுறை நோய் என்று கையேடு சொல்கிறது. ஆனால் அதோடு நிறுத்திவிடவில்லை. மன அழுத்தமும் உடல் அழுத்தமும், முறையற்ற உணவும், பணிக் காரணங்களால் சிகிச்சையைச் சரிவரப் பின்பற்ற இயலாமையும் அந்நோயைத் தூண்டவோ கட்டுப்பாடு இழக்கச் செய்யவோ கூடிய காரணிகள் என்று ஒப்புக்கொள்கிறது. களப்பகுதி, கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கைப் பகுதி, உயர்மலைப் பகுதி, நீண்ட காலக் கப்பல் பணி ஆகியவற்றின்போது நோய் தொடங்கினாலோ, நோய் கண்டறியப்பட்ட பின்னும் அத்தகைய இடங்களில் பணியாற்ற நேர்ந்தாலோ, பணியால் தீவிரமடைந்ததாக ஏற்க வேண்டும் என்கிறது. மதுப்பழக்கத்தால் வந்த கணைய அழற்சியை அடுத்து வரும் நீரிழிவை அது ஏற்பதில்லை. உங்கள் கோப்பில் அப்படிப்பட்ட குறிப்பு இருந்தால், செலவில் இறங்குவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

இரண்டாம் வகை நீரிழிவுக்கு வாரியங்கள் எழுதும் காரணங்களில் மிகவும் பரவலானது, நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பதாகும். இதற்கு மருத்துவப் பதில் ஒன்றும் சட்டப் பதில் ஒன்றும் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவு ஒரு நாளில் தொடங்கும் நோய் அன்று. அறிகுறியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் இருந்துவிட்டு, ஏதோ ஒரு வழக்கமான பரிசோதனையில் அகப்படுவது அதன் இயல்பு. மருத்துவமனை வசதி பீஸ் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. ஆகவே நோயும் அங்கேதான் அகப்படும். கண்டறிந்த தேதியும் தொடங்கிய தேதியும் ஒன்றல்ல என்பதை உங்கள் ஆவணத்திலிருந்தே காட்ட முடியுமா என்று தேடுங்கள். கண்டறிந்த அன்றே கண் விழித்திரையில் பாதிப்பு இருந்ததாகக் குறிப்பு இருந்தால், நோய் அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிட்டது என்று பொருள். முந்தைய ஆண்டுப் பரிசோதனைகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்றுக் கூடுதலாகப் பதிவாகியிருப்பதும் அவ்வாறே. அந்த ஆண்டுகளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பணியிட விவரத்தோடு ஒப்பிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஒருவர் 1998இல் சேர்ந்து, 2009 முதல் 2012 வரை காஷ்மீரில் கிளர்ச்சி எதிர்ப்புப் பணியில் இருந்துவிட்டு, 2012 இறுதியில் பீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, 2013 மார்ச்சில் சர்க்கரை கண்டறியப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அவரது வாதத்தின் உயிர், காஷ்மீரிலிருந்து திரும்பியதற்கும் கண்டறிதலுக்கும் இடையே உள்ள அந்தச் சில மாதங்களில்தான் இருக்கிறது. அதை மேல்முறையீட்டின் முதல் பத்தியிலேயே அவர் எழுத வேண்டும்.

சட்டப் பதில் இன்னும் வலுவானது. தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால் நலமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் சுமை படைவீரர்மீது இல்லை, மாறாகச் சொல்ல விரும்பும் மருத்துவ வாரியம் அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்று அது நிலைநாட்டியது. அது வலிப்பு நோய் பற்றிய வழக்கு. நீரிழிவுக்கே நேரடியாகப் பயன்படுவது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 27 அன்று கவாஸ் அனில் மட்சோ வழக்கில் அளித்த தீர்ப்பு. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பணியாற்றி, இரண்டாம் வகை நீரிழிவோடு ஓய்வு பெற்ற ஒரு சுபேதாருக்கு, நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்ற காரணத்தைச் சொல்லி ஓய்வூதியம் மறுக்கப்பட்டிருந்தது. படைவாழ்க்கையின் அழுத்தம் பீஸ் ஸ்டேஷனிலும் உண்டு, பணி காரணமன்று என்றால் வேறு எது காரணம் என்பதை வாரியம் காட்ட வேண்டும் என்று கூறி, அவருக்கு ஓய்வூதியம் வழங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் ஆணையை நீதிமன்றம் உறுதி செய்தது. அது 2008ஆம் ஆண்டு விதிகளின் கீழான வழக்கு என்பதால், அண்மையில் ஓய்வு பெற்றவர்களுக்கு அதன் பயன் அதிகம்.

வாழ்க்கைமுறைக் கோளாறு, பரம்பரை நோய் என்பவை வேறு இரண்டு காரணங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்ததாக உங்கள் குறிப்பில் எங்குமே இல்லாதபோது பரம்பரை என்று எழுதியிருந்தால், அக்காரணத்திற்கு ஆதாரமே இல்லை என்று சுட்டிக்காட்டுங்கள். வாழ்க்கைமுறை என்ற சொல்லுக்கு எதிராகக் கேட்க வேண்டிய கேள்வி எளிது: பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவரின் உணவையும் உறக்கத்தையும் உழைப்பையும் அவ்வளவு ஆண்டுகள் முடிவு செய்தது யார்? ஆனால் இக்கேள்வியைத் தனியாக விட்டுவிடாமல் ஆவணத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும். உடல் எடை அளவுக்கு மேல் இருந்தது, அறிவுரையை மதிக்கவில்லை என்று வாரியம் எழுதியிருந்தால், ஆண்டுப் பரிசோதனைகளில் பதிவான எடையை வரிசையாக எடுத்துக் காட்டுங்கள். எடை பணிக்காலம் முழுவதும் வரம்புக்குள் இருந்திருந்தால் அந்தக் காரணம் அங்கேயே விழுந்துவிடும். எடை உண்மையிலேயே மிகுந்திருந்தால் அதை மறைக்க முயலாமல், நோய் கண்டறிந்த பிறகு எத்தகைய பணியில் அமர்த்தப்பட்டீர்கள் என்பதில் வாதத்தை நிறுத்துங்கள். நேரத்திற்கு உணவும், இன்சுலினைக் குளிரில் வைக்க வசதியும் இல்லாத இடத்தில் பணியமர்த்தப்பட்டிருந்தால், அதுவே கையேடு சொல்லும் 'பணிக் காரணங்களால் சிகிச்சையைப் பின்பற்ற இயலாமை'.

பலர் கவனிக்கத் தவறும் வழி ஒன்று உண்டு. வேறு ஏதோ நோய்க்காக இராணுவ மருத்துவமனையில் நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து தரப்பட்டு, அதன்பின் சர்க்கரை ஏறியிருந்தால், அது மருந்துச் சிகிச்சையை ஒட்டி வந்த நீரிழிவு என்று வாதிட இடமுண்டு. அப்போது கோரிக்கை 'தீவிரமடைந்தது' என்பதிலிருந்து 'உண்டானது' என்பதற்கு உயர்கிறது. ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் மருந்துச் சீட்டுகளை இந்தக் கண்ணோடு மறுபடியும் பார்க்க வேண்டும்.

விழுக்காடும் பக்க நோய்களும்

வாரியம் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக மதிப்பிட்டிருந்தால், பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு ஊனக்கூறே கிடையாது. இல்லாத ஒன்றை முழுமையாக்கவும் முடியாது. விங் கமாண்டர் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அத்தகைய நிலையில், முழுமையாக்கலைக் கோரி நேரத்தை வீணாக்காமல், மதிப்பீட்டையே எதிர்த்து மறுபரிசீலனை மருத்துவ வாரியத்தைக் கேட்க வேண்டும். நோயின் பேரால் பணியிலிருந்து இடையிலேயே வெளியேற்றப்பட்டவரின் நிலை வேறு. வெளியேற்றும் அளவுக்கு இருந்த ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேல்தான் இருக்க வேண்டும் என்று சுக்விந்தர் சிங் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

நீரிழிவு தனியாக வருவது அரிது. இரத்த அழுத்தம், விழித்திரைப் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, கால் நரம்புகளின் மரத்துப்போதல், இதய நோய் ஆகியவை ஓய்வின்போதே இருந்திருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனி ஊனமாக வாரியக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல நோய்கள் இருக்கும்போது வாரியம் ஒரு கூட்டு விழுக்காட்டைத் தரும். அது தனித்தனி எண்களின் நேர்க்கூட்டலாக இருக்காது. கூட்டு விழுக்காடு ஐம்பதைத் தொட்டுவிட்டால் முழுமையாக்கலில் எழுபத்தைந்தாகிவிடும் என்பதால், விட்டுப்போன ஒரு நோய் உங்களுக்கு வாழ்நாள் முழுதும் ஒரு படியை இழக்கச் செய்யக்கூடும். இன்னும் பணியில் இருந்து, விடுவிப்பு வாரியத்தை எதிர்நோக்கியிருப்பவர்கள் இதை ஓய்வுக்கு முன்பே செய்துவிடலாம்: கண், சிறுநீர்ப் புரதம், கால் உணர்வு ஆகிய பரிசோதனைகளைக் கேட்டு வாங்கி, முடிவுகளைக் கோப்பில் சேர்க்கச் செய்யுங்கள். கையொப்பமிடுவதற்கு முன் நகல் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஓய்வுக்குப் பின் நோய் முற்றினால் மறுமதிப்பீடு கேட்கலாம். 2001 ஜனவரி 31 ஆணைக்குப் பிறகு வாரியத்தின் மதிப்பீடு பொதுவாக வாழ்நாளுக்கானது என்றாலும், படைவீரர் தாமே கேட்கும் மறுபரிசீலனைக்கு அதில் இடமிருக்கிறது.

இரண்டு மேல்முறையீடுகள்

நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீட்டை ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதுவும் தள்ளுபடியானால், மறுபடியும் ஆறு மாதங்களுக்குள் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். காலம் கடந்திருந்தாலும் காரணத்தை எழுதி அனுப்புங்கள். அனுப்பாமல் இருப்பதைவிட அது மேல். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒப்புகை அட்டையையும் மனுவின் நகலோடு சேர்த்து வையுங்கள்.

மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டியிருக்கும் என்பதால், முதலில் தமிழில் தெளிவாக எழுதிக்கொண்டு பின்னர் மொழிபெயர்க்கச் செய்வது நல்லது. இரண்டு பக்கங்களுக்குள் முடிப்பது உத்தமம். சேர்ந்த தேதி, அன்று எந்த நோயும் பதிவாகவில்லை என்ற செய்தி, களப்பணியாற்றிய இடங்களும் காலமும், நோய் கண்டறியப்பட்ட தேதியும் மருத்துவமனையும், அதன்பின் பணியாற்றிய இடங்கள், ஓய்வு பெற்ற தேதி ஆகியவற்றை முதல் அரைப் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்து, வாரியம் எழுதிய காரணத்தை அதன் சொற்களிலேயே எடுத்தெழுதி, அது எந்த ஆவணத்தால் பொய்யாகிறது, கையேட்டின் 26ஆம் பத்தியில் எந்த வரிக்கு முரணாகிறது என்று காட்டுங்கள். அதன்பின் தரம்வீர் சிங் தீர்ப்பையும் கவாஸ் தீர்ப்பையும் ஒவ்வொரு வரியில் குறிப்பிடுங்கள். இறுதியில் வேண்டுவதைத் தெளிவாக எழுதுங்கள்: நோயைப் பணியால் உண்டானதாகவோ தீவிரமடைந்ததாகவோ ஏற்க வேண்டும், ஊனக்கூறை ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வழங்க வேண்டும், 20 விழுக்காட்டை 50 ஆக முழுமையாக்க வேண்டும். முழுமையாக்கலைக் கேட்க மறந்து, அதற்கென்று மறுபடியும் ஒரு சுற்று அலைபவர்கள் ஏராளம்.

இந்தக் குழுக்களில் வெற்றி கிடைப்பது அரிதென்றே வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் இப்படிகளைத் தாண்டிச் செல்லாதீர்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இருக்கும் பரிகாரங்களைப் பயன்படுத்திய பிறகே தீர்ப்பாயம் சாதாரணமாக மனுவை ஏற்கும் என்கிறது. முறையீடு அனுப்பி ஆறு மாதங்கள் பதிலே இல்லாவிட்டால், அந்தப் பரிகாரம் முடிந்துவிட்டதாகக் கொண்டு மேலே செல்லலாம்.

தீர்ப்பாயத்தில்

2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆயுதப்படைத் தீர்ப்பாயத்திற்குச் சென்னையில் அமர்வு இருக்கிறது. ஓய்வு பெற்றவர் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்திற்குரிய அமர்விலேயே மனுச் செய்யலாம் என்பதால், ரெக்கார்ட் ஆபீஸ் எந்த மாநிலத்தில் இருந்தாலும் தமிழ்நாட்டில் குடியிருப்பவருக்குச் சென்னையே போதும். இறுதி ஆணை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 22ஆம் பிரிவு கூறுகிறது. தாமதமானால், போதிய காரணம் காட்டி, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கோரும் தனி மனுவையும் சேர்க்க வேண்டும். ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் உரிமை என்பதால், பல ஆண்டுகள் கழித்து வந்தவர்களையும் தீர்ப்பாயம் ஏற்றிருக்கிறது. ஆனால் தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, அவர்களுக்கு நிலுவை பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். இருபது ஆண்டு நிலுவையை வாங்கித் தருகிறேன் என்று உறுதி கூறுபவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தாமே ஆஜராகி வாதாட அனுமதி உண்டு. எனினும், மருத்துவ வாரியத்தின் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று கூறி ஓய்வூதியத்தை மறுத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் இருப்பதால், அவற்றிலிருந்து உங்கள் வழக்கைப் பிரித்துக் காட்டத் தெரிந்த வழக்கறிஞர் இருப்பது நல்லது. அமர்த்துவதற்கு முன், ஊன ஓய்வூதிய வழக்குகளை இதற்கு முன் நடத்தியிருக்கிறாரா என்பதையும், கட்டணம் நிலையானதா நிலுவையில் பங்கா என்பதையும் கேளுங்கள். படைவீரர் இறந்துவிட்டால் அவருக்கு உரியதை மனைவியோ வாரிசோ கோர அச்சட்டம் இடமளிக்கிறது. பெண்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவிக்கும் உரியவர்கள்.

தீர்ப்பாயத்தில் தோற்றால் கதவு மூடிவிடுவதில்லை. பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே உச்ச நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்ய முடியும் என்பது சாதாரணப் படைவீரருக்கு எட்டாத வழி. ஆனால் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் 2023 மார்ச்சில் வந்த தீர்ப்புக்குப் பின், தீர்ப்பாய ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுச் செய்யலாம் என்பது உறுதியாகிவிட்டது. அரசும் இதே வழியைப் பயன்படுத்துகிறது. நீங்கள் வென்ற வழக்கையும் அது உயர் நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்லக்கூடும் என்று எதிர்பார்த்திருங்கள்.

வெற்றி ஆணை வந்தால் அதன் சான்றிட்ட நகலை ரெக்கார்ட் ஆபீஸுக்கும், பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குகள் ஓய்வூதிய அலுவலகத்திற்கும் உடனே அனுப்புங்கள். ஆணையில் குறித்த காலத்திற்குள் தொகை வராவிட்டால் அதே அமர்வில் நிறைவேற்றல் மனுச் செய்யலாம். திருத்திய ஓய்வூதிய ஆணை, பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் ஏறியதும் நான்கு விவரங்களை ஆணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ஊனக்கூறு தொடங்கும் தேதி, ஏற்கப்பட்ட விழுக்காடு, முழுமையாக்கிய விழுக்காடு, அது வாழ்நாளுக்கா குறிப்பிட்ட காலத்திற்கா என்பது. இவற்றில் ஒன்று பிசகியிருந்தாலும், நிலுவை வங்கிக் கணக்கில் வந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், திருத்த ஆணை கேட்டு அன்றே எழுதுங்கள்.